றப்பருக்கு விட்ட ஒயில்

ஒக்ரோபர் 3, வெள்ளி

விடியவே வெயில். ஒரு இலை அசையவில்லை. முற்றம் கூட்டி, செவ்வரத்தம்பூ பிடுங்கி, கோயிலுக்கு ஆயத்தம்.

பிள்ளையாருக்குச் சொல்ல இன்று நிறைய. ரொறொன்ரோவில் மகன் வசந்தனின் மூத்தவள் ஆரணி மருந்தாளர் சோதனை முதல் தரமே பாஸ். அவள் தம்பி கபிலன் கணக்குப் போட்டியில் பரிசு, பள்ளிக்கூடத்துச் சுவரில் பேர் ஒட்டியிருக்கிறதாம். லண்டனில் மகள் வதனியின் மூத்தவன் தினேஷுக்கு டொக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. சின்னவள் மிதுனாவுக்கு நடன அரங்கேற்றம் முடிந்தது, மண்டபத்தில் இருக்க இடம் இல்லையாம். ஐந்தாம் வகுப்போடு மாடு கட்டப் போனவள் நான். எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். ஐயரிடம் சொன்னேன். ஐயரம்மாவிடம் சொன்னேன். பூக்காரிக்குப் போன கிழமையே சொல்லியாயிற்று, இருந்தாலும் திரும்பச் சொன்னேன்.

இனி வெட்கக்கேடு. மகன் வசந்தன் கனடாவில் இருந்து எனக்கென்று வாங்கி விட்ட கார், பின்பக்கம் டொக்கு டொக்கு என்று அடிக்கிறது. சின்னப் பள்ளம் வந்தால் போதும். கோயில் வாசலில் திரும்பும்போது, செருப்புக் கழற்றிக்கொண்டிருந்த சனம் எல்லாம் நிமிர்ந்து பார்த்தது. தகர டப்பா கட்டி இழுத்துக்கொண்டு வந்த மாதிரி.

ஓட்டியது தங்கராசா அண்ணை. பக்கத்து வளவு, முந்திப் பஸ் ஓடினவர். (இனிமேல் த.அ. கை நோகிறது.)

த.அ.: "பிள்ளை, இந்தக் காருக்கு ஹோர்ன் தேவை இல்லை. மானிப்பாய்ச் சந்தியிலை வரேக்கையே சனம் விலகி நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிறைவர் அன்ரன் போய்விட்டால் சத்தமும் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை, கூடியிருக்கிறது. அன்ரன் குருநகர்க் கடற்கரைப் பெடியன், வருஷக்கணக்காக எங்கள் காரை ஓடினவன். விடிய ஓட்டம் இருந்தால் காரை இரவு தன் வீட்டில் விடுவான். போன மாதம் டிக்கியைத் திறந்தேன், மீன் மணம். ஐஸ் பெட்டி ஏற்றித்தானே பின்பக்கம் இளகினது என்று கேட்டேன். "இல்லை அம்மா" என்று ஒரு சொல். கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். களவு இல்லாவிட்டால் நின்று கதைத்திருக்க மாட்டானா? அன்றே போனில் குடும்ப வட்சப் குறூப்பில் குரல் பதிந்து போட்டேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும் என்று.

நாளை புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் வாங்க வேண்டும். திரி இருக்கிறது. சீனிப் போத்தலில் எறும்பு.


ஒக்ரோபர் 4, சனி

மப்பு. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

சனீஸ்வரனுக்கு எண்ணெய் எரித்தேன். சரியான கூட்டம், புகை, கண் எரிவு. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்:

"அந்தச் சத்தக் கார் ஆற்றை?"

"கனடாக்காரன்ரை தாய். மகன் ஏதோ பழசு வாங்கிக் குடுத்திருக்கிறான் போலை."

திரும்பி நின்று சொன்னேன், "பழசில்லைப் பிள்ளையள். டிறைவர் மீன் பெட்டி ஏத்திக் கெடுத்துப்போட்டான்." இரண்டு பேரும் "அதுதானே பாத்தம்" என்றார்கள். கொஞ்சம் ஆறுதல்.

திங்கட்கிழமை கராஜுக்குக் கொண்டு போவோம் என்கிறார் த.அ. அழுக்குக் காரோடு போனால் மரியாதை இல்லை. பின்னேரம் அவரே கழுவி விட்டார். அவர் போன பிறகு நான் காரின் அடிக்குப் பழைய என்ஜின் ஒயில் பூசினேன். கீரிமலைக்குப் போய் வரும் கார், கடல் உப்புப் பிடித்தால் கறள் கட்டும். என் மனுசன் இருந்த காலத்தில் மாரிக்கு முன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியின் அடிக்கு இப்படித்தான் பூசுவார். அந்தப் பெட்டி இன்றைக்கும் உக்கவில்லை. தும்புத்தடியில் பழந்துணி சுற்றி, குந்தி இருந்து, எட்டும் இடம் எல்லாம். பின் சில்லுப் பக்கம் கொஞ்சம் கூடவே விட்டேன். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போய் வந்த நாளில்தான் அந்த இடம் முதல் முதல் கிறீச் என்றது. அன்று தொடக்கம் கிணற்றுக் கப்பிக்கு விடுகிற மாதிரி விட்டு வருகிறேன்.

இவ்வளவு பார்த்தும் சத்தம் கேட்கிறது என்றால், அவன் எவ்வளவு கெடுத்திருப்பான்.

முழங்கால் நோவு. சித்தாலேப பூசினேன்.


ஒக்ரோபர் 6, திங்கள்

கராஜ். மத்தியானம் வரை.

கராஜ்காரர் கணேஸ். நல்ல கதைகாரன். கதிரை போட்டுத் தந்தார். வேலை தொடங்க முன் ஆரணியின் சோதனை, தினேஷின் டொக்டர் படிப்பு, எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அப்ப அம்மா, என்ரை முதுகுக்கும் ஒரு குளிசை அனுப்பச் சொல்லுங்கோ. டொக்டரும் மருந்துக்கடையும் ஒரே வீட்டிலை கிடைக்கிறது லேசோ."

காரைத் தூக்கினார்கள். அடியில் குனிந்து பார்த்தவர் பகிடியை விட்டுவிட்டார்.

"இதென்ன இவ்வளவு கறுப்பு?"

என்னையும் த.அ.வையும் கூப்பிட்டுக் காட்டினார். பின் சில்லு இரண்டுக்கும் நடுவில் குறுக்கே வளைந்த ஒரு இரும்புக் கம்பி. கார் திரும்பும்போது ஒரு பக்கம் சரியாமல் பிடிக்கிறது அதுதானாம். அந்தக் கம்பியைக் காரோடு சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு றப்பர் புஷ். கம்பியின் இரண்டு நுனியிலும் குட்டிக் கை மாதிரி இரண்டு லிங்க். அந்தக் கைகளின் மூட்டும் இளகிக் கிடந்தது. கணேஸ் கம்பியைப் பிடித்து ஆட்டினார். டொக்கு டொக்கு. அதே சத்தம்.

றப்பரை விரலால் நசித்தார். தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரி ஊதிப்போய், பிய்ந்து வந்தது.

"றப்பருக்கு ஒயில் நஞ்சு. மூட்டு உறையும் றப்பர்தான், அதையும் திண்டிருக்கு. ஆரம்மா இதுக்கு ஒயில் விட்டது? அபிஷேகம் செய்த மாதிரிக் கிடக்கு."

நான் வாய் திறக்க முன் த.அ. முந்திக்கொண்டார். "வேறை ஆர், முந்தி ஓடின டிறைவர்தான். மீன் பெட்டியும் ஏத்தினவனாம்."

"பாரம் ஏத்தின கார் இது இல்லை அண்ணை. ஸ்பிரிங் புதுசு மாதிரி நிக்குது. ஒயில்தான் குடிச்சிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "டிறைவரோ அம்மா விட்டது?"

தலையாட்டினேன்.

எழுதக் கை வரவில்லை. ஓம் என்று வாயால் சொல்லவில்லை, அதனால் பொய் இல்லை என்று வரும் வழியில் நினைத்துப் பார்த்தேன். அது பொய்தான். சனிக்கிழமை பூசின ஒயில் நகத்துக்குள் இன்னும் கறுப்பாக இருந்தது. கையைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டுதான் தலையாட்டினேன்.

"டிறைவர்மார் எல்லாம் உப்பிடித்தான்" என்றார் கணேஸ்.

சாமான் நாளைக்கு ரவுனில் இருந்து வரும். காரை விட்டுவிட்டு ஓட்டோவில் வந்தோம். த.அ. வழி முழுக்க டிறைவர்மார் செய்த களவுக் கதை. சோறு போட்டேன். நாய்க்கு வைத்தேன்.

கை கழுவினேன். தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன்.


ஒக்ரோபர் 7, செவ்வாய்

விடியக் கொஞ்சம் தூறல். புழுக்கம்.

வேலை முடிந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழைய லிங்கின் நட்டு கழலவில்லை, இரும்பறுக்கும் வாளால் அரிந்து எடுத்தார்கள். கம்பியில் இருந்த ஒயிலை எல்லாம் துடைத்துக் கழுவினார்கள். புது றப்பரில் ஒரு வெட்டு இருக்கிறது, அதை விரித்துக் கம்பியில் மாட்ட வேண்டும். வழுக்கி ஏற, சவர்க்காரத் தண்ணி மட்டும். கடைசி இறுக்குக்கு முன் காரை நிலத்தில் இறக்கச் சொன்னார் கணேஸ். "தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகிக்கொண்டு நிக்கும் அம்மா. தன்ரை பாரம் முழுக்க தன்ரை காலிலை வந்த பிறகுதான் இறுக்கவேணும்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். சொல்லவில்லை.

வரும் வழியில் த.அ. பள்ளம் பள்ளமாகப் பார்த்து இறக்கினார். ஒரு சத்தம் இல்லை.

"பிள்ளை, இனி நீ கதைச்சாத்தான் காருக்குள்ளை சத்தம்."



பின்னேரம் ஆரணி போன் எடுத்தாள். வேலைக்குப் போகிற வழி.

"அப்பம்மா, கார் சத்தம் நிண்டிட்டோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அப்பா போட்ட படம் நல்லதாப் போச்சு. இனி அந்த ஆள் ஒருத்தரையும் ஏமாத்தேலாது."

"என்ன படம்?"

எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை. வசந்தன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது அன்ரனோடு தோளில் கை போட்டு எடுத்த படம். அதில் தன்னை வெட்டிவிட்டு, அன்ரனின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் கீறி, ஊர்ச் சங்கத்துக் குறூப்பில் போட்டிருக்கிறான். அங்கேயிருந்து லண்டன், சுவிஸ், பிரான்ஸ், எங்கேயெல்லாமோ போய்விட்டதாம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஆரணிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"இவரை நம்பி வாகனம் குடுக்க வேண்டாம். எங்கடை அம்மாவை ஏமாத்தினவர்."

வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் ஊர்ச் சனம் எல்லாம் அன்ரனைத்தான் ஓட்டத்துக்குக் கூப்பிடும். எங்கள் காரை விட அதுதான் அவருடைய சீவியம்.

"அப்பம்மா? இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன்."

அவளிடமும் சொல்லவில்லை. அப்பம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை. அந்த நம்பிக்கையை விட மனம் வரவில்லை. பேராசை.


ஒக்ரோபர் 9, வியாழன்

நல்ல வெயில். குருநகருக்கு, பஸ்சில். அந்தக் காரில் போய் அவர் வீட்டு வாசலில் இறங்க முகம் இல்லை. த.அ.விடம் கிளினிக்குக்குப் போகிறேன் என்று பொய்.

வீடு விசாரித்துத்தான் பிடித்தேன். என்னை எத்தனையோ தரம் ஏற்றி இறக்கினவர், வீடு எந்த ஒழுங்கை என்று ஒரு நாள் கேட்டதில்லை. ஒழுங்கை முடக்கில் ஒரு மனுசி: "எந்த அன்ரன்? கார் அன்ரனோ? ஆள் இப்ப கார் ஓடுறேல்லையே."

மனைவி ஸ்ரெலா. வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. கதிரையைக் கண்ணால் காட்டினாள்.

"அன்ரன் இல்லையோ?"

"கடலுக்கு. தமையன்ரை வள்ளத்திலை."

"கடலை விட்டவர் எல்லோ?"

"காது வருத்தத்தாலை விட்டவர். காது இப்பவும் அப்பிடித்தான், கடலுக்குப் போட்டு வந்தால் ரெண்டு நாளைக்குத் தலை சுத்து. அதுக்கு என்ன செய்யிறது? இந்தக் கிழமை வாற லண்டன் ஆக்கள் இவரைத்தான் சொல்லி வைச்சவை. படத்தைப் பாத்திட்டு வேண்டாம் எண்டிட்டினம்."

சொன்னேன். ஒயில் விட்டது நான் என்று. தும்புத்தடி, பழந்துணி, கப்பி, எல்லாம். கராஜில் தலையாட்டினதையும். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மீன் முடித்து, அடுத்ததை எடுத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவருக்குத் தெரியும். அடியிலை ஒயில் கிடக்கு, அம்மாதான் பூசுறா போலை எண்டு சொன்னவர். அப்ப ஏன் சொல்லாமல் வந்தனீங்கள் எண்டு நான் சண்டை. வயசுபோன மனுசியோடை முற்றத்திலை நிண்டு என்னத்தைத் தர்க்கம் பண்ணுறது எண்டார். நானெண்டால் பண்ணியிருப்பன்."

நான் குனிந்தபடி.

"மீன் மணமாம். உங்கடை மகளுக்குக் கருவாட்டுப் பாசல் கட்டினது ஆர், நானோ? வெய்யிலுக்கை நாள் முழுக்க டிக்கியிலை கிடந்து, பிறகுதானே லண்டனுக்கு அனுப்பக் கொண்டுபோய்க் குடுத்தவர்."

கருவாடு. வதனிக்கு. நானே கட்டி, நானே டிக்கியில் வைக்கச் சொன்னது. மீன் மணம் என்றதும் குருநகர் என்றுதான் எனக்கு வந்தது. என் பாசல் ஞாபகம் வரவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

"பிள்ளை, என்னை மன்னிக்கவேணும்."

"எனக்குச் சொல்லி என்ன செய்யிறது? என்ரை முகத்துக்கோ வட்டம் போட்டவை? எங்கை போட்டீங்களோ அங்கை சொல்லுங்கோ."

தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.


ஒக்ரோபர் 10, வெள்ளி

விடிய வசந்தனுக்குப் போன் எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், கரண்டிச் சத்தம் கேட்டது. சொல்லி முடிய அந்தச் சத்தமும் நின்றது.

"நீங்களோ அம்மா விட்டனீங்கள்?"

"ஓம் தம்பி."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"திங்கட்கிழமைதான் எனக்கே தெரியும். பிறகு வெக்கம்."

"சரி விடுங்கோ. நான் ஆறுதலா அந்தப் படத்தை அழிச்சு விடுறன். இதைப் பெரிசாக்க வேண்டாம்."

"அழிச்சால், பாத்த ஆக்கள் மறந்திடுவினமோ?"

"அம்மா, நான் சங்கத்திலை செயலாளர். பிழையான ஆளைப் போட்டிட்டன் எண்டு நானே எழுதினால் ஒருத்தரும் மதிக்காயினம். உங்களையும் கதைப்பினம். கிழவிக்கு மூளை மாறாட்டம் எண்டுவினம். யோசிச்சுப் பாருங்கோ."

அந்தச் சொல் குத்தியது. "சரி தம்பி" என்று வைத்துவிட்டேன். சரி என்றுதான் சொன்னேன். ஸ்ரெலாவின் வாசலில் அவ்வளவு கேட்டுவிட்டு வந்தும்.

வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை. ஐயரம்மா கேட்டால் தடிமன் காய்ச்சல் என்று சொல்லலாம். ஒரு பொய்க்கு எத்தனை பொய்.

வேலைகள்:
மா அரிக்க.
கிணற்றுக் கயிறு மாற்ற.
கோழிக்கூட்டுக் கதவு.
குறூப்பில் சொல்ல.

மா அரித்தேன். கயிறு த.அ. மாற்றித் தந்தார். கோழிக்கூட்டுக் கதவைக் கட்டினேன். குரல் பதிகிற இடத்தை அமத்தி "பிள்ளையள்" என்று தொடங்கி, விட்டேன். திரும்பவும் "பிள்ளையள்". திரும்பவும் விட்டேன்.


ஒக்ரோபர் 12, ஞாயிறு

மப்பு, காற்று. அன்ரன் வந்தார். சேர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சேட்டோடு, சைக்கிளில். படலைக்கு வெளியில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஸ்ரெலா சொன்னவ, வீட்டை வந்தனீங்களாம்."

"ஓம்."

"பஸ்சிலையோ?"

"ஓம்."

"வீட்டிலை கார் நிக்க."

நான் படலையை இன்னும் அகலத் திறந்தேன்.

"சத்தம் நிண்டிட்டோ?"

"நிண்டிட்டுது. றப்பரும் லிங்கும் மாத்தினது."

"கப்பிக்கு விடுற மாதிரி விட்டிருக்கிறியள்." கொஞ்சம் சிரித்தார். "நல்ல காலம், பிறேக்குக்குக் கைவைக்கேல்லை. வைச்சிருந்தால் இப்ப நாங்கள் ரெண்டு பேரும் மேலை நிண்டுதான் கதைக்கவேணும். அங்கையும் உங்கடை பக்கம் வேறை, எங்கடை பக்கம் வேறை."

சிரித்தேன். சிரிப்பு அழுகையாகப் போய்விட்டது. அவர் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்ரன், திரும்ப ஓட வாறீரோ?"

"கூப்பிட்டால் வருவன் அம்மா. உங்கடை ஒரு காரை ஓடி என்ரை வீட்டிலை அடுப்பு எரியுமோ? மற்ற ஆக்கள் எல்லோ கூப்பிடவேணும்."

"வசந்தன் படத்தை அழிக்கிறன் எண்டவன்."

"அழிச்சாப்போலை? கெஞ்சி அழிப்பிச்சிட்டான் எண்டு நினைப்பினம். நீங்கள் கதைக்கிறதை ஆர் கேக்கப்போயினம். ஆக்கள் படத்தைத்தான் பாப்பினம்."

மதிலுக்கு மேலால் த.அ.வைக் கூப்பிட்டேன். அன்ரன் நிற்கவே சொன்னேன், ஒயில் விட்டது நான் என்று. த.அ. மதிலுக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப கராஜிலை நான் சொன்னது?"

"நீங்கள் தெரியாமல் சொன்னனீங்கள். நான் தெரிஞ்சுகொண்டு தலையாட்டினனான்."

"அண்டு முழுக்க இவனைத் திட்டிக்கொண்டெல்லோ வந்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை." பிறகு அன்ரனைப் பார்த்து, "தம்பி, நான் உன்னைப் பேசின பேச்சு உனக்குக் கேக்கேல்லை, அது நல்லதுக்கு."

"காது அவ்வளவு நல்லாயில்லை அண்ணை" என்றார் அன்ரன்.

த.அ.வின் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அன்ரன் வேண்டாம் என்றார், படம் எடுத்து வந்த வினை போதும் என்றார். கெஞ்சினேன். காரின் பின்பக்கம், அவரும் நானும். என் ஒரு கையில் தும்புத்தடி, மற்றக் கையில் ஒயில் ரின். த.அ. "கொஞ்சம் சிரி பிள்ளை" என்றார். சிரிக்கவில்லை.

அன்ரன் போன பிறகு குடும்பக் குறூப்பில் குரல் போட்டேன். இடையில் விடவில்லை. "பிள்ளையள், காரைக் கெடுத்தது நான். றப்பருக்கு ஒயில் விட்டது என்ரை கை. மீன் மணமும் நான் கட்டின கருவாடு. அன்ரன் ஒண்டும் செய்யேல்லை. கராஜிலை கேட்ட இடத்திலையும் நான் அந்த மனுசனிலை பழியைப் போட்டனான்." பிறகு படத்தையும் போட்டேன், த.அ. காட்டித் தந்தபடி.

ஒரு கோப்பை மல்லித் தண்ணி.


ஒக்ரோபர் 13, திங்கள்

விடியத் தொடங்கின மழை விடவில்லை. கோழிக்கூட்டுக்குள் தண்ணி.

ஆரணி: "அப்பம்மா, அழாதேங்கோ." நான் அழுதது குரலில் கேட்டிருக்கிறது. தினேஷ் ஒன்றும் சொல்லவில்லை. மிதுனா ஒரு பூப் படம். வதனி: "கருவாடு நல்லா இருந்தது அம்மா." வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை போல. வசந்தன்: "பாத்தன்." அவ்வளவுதான்.

ஆரணியிடம் கேட்டேன். ஊர்ச் சங்கத்துக் குறூப்பில் வட்டம் போட்ட படம் இன்னும் அப்படியே கிடக்கிறதாம். புதுப் படம் இல்லையாம். அந்தக் குறூப்பில் நான் இல்லை, அவள் பார்க்கலாம், போட ஏலாது, செயலாளரான தகப்பனால்தான் முடியும்.

த.அ. சொன்னார், அன்ரன் இன்றைக்கும் கடலுக்காம். இந்தக் காற்றில்.

மத்தியானம் வசந்தனுக்குத் தனியாகக் குரல்: "தம்பி, பழசை அழிக்கிறது காணாது. புதுப் படத்தை அதே குறூப்பிலை போடு. அம்மாவுக்கு மாறாட்டம் எண்டு எழுதாதை, என்ரை மூளை நல்லாத்தான் இருக்கு. வட்டம் போடவேணும் எண்டால் என்ரை முகத்தைச் சுத்திப் போடு. ரின்னையும் வெட்டாதை."

பின்னேரம் திரும்பவும்: "தம்பி, போட்டிட்டியோ? ஆரணி இன்னும் காணேல்லை எண்டுறாள். படத்தைப் போடு."